கரண்ட் வைக்கும் நாட்களில் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள்



நீளமான பதிவு. நான் வழக்கமாகப் போடும் பழைய குரூப் போட்டோவோ பிறந்தநாள் வாழ்த்தோ இல்லை. இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டு, மூன்றாவது தரமாக எழுதுகிறேன். சிலருக்கு மனவருத்தம் வரும் என்று தெரியும். வந்தாலும் பரவாயில்லை. கடைசிவரை படியுங்கள்.

போன மாதம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரு செய்தி போட்டிருந்தான். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு எச்சில் வற்றாமல் காக்கும் ஆன்ட்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூலாம். முழுக்க இயற்கை, பக்கவிளைவே கிடையாது, தேவைப்படுவோர் அழைக்கவும் என்று போன் நம்பர். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள், "நல்ல தகவல்", "பகிர்ந்தேன்".

"தம்பி, இது வேண்டாம், ஆபத்து" என்று எழுதினேன். அவன் உடனே பதில் போட்டான்: "சார், ஆன்ட்டிஆக்ஸிடன்ட் உடம்புக்கு நல்லதுன்னு கெமிஸ்ட்ரி கிளாஸ்ல நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்தேன், மறுக்கவில்லை. பலகாரம் ஏன் சிக்கு வாடை அடிக்கிறது, நறுக்கிய வாழைக்காய் ஏன் கறுக்கிறது, எலுமிச்சைச் சாறு விட்டால் ஏன் கறுப்பதில்லை என்று கரும்பலகையில் சமன்பாடு போட்டு விளக்கியவன் நான்தான். பாடத்தின் முடிவில் "ஆகவே ஆன்ட்டிஆக்ஸிடன்ட் நிறைந்த உணவு நல்லது" என்று சொல்லியும் இருக்கிறேன். அதோடு நிறுத்தியதுதான் தப்பு. பாதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். மீதிப் பாதியை இன்றைக்கு நடத்துகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் நடக்கும் நாட்களில், எச்சிலைக் காப்பாற்றும் என்று சொல்லி விட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், குளூட்டாதயோன் போன்ற ஆன்ட்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவர் எழுதிக் கொடுக்காத ஒன்றையும் கொடுக்காதீர்கள். அந்த மாத்திரை சுரப்பியைக் காப்பாற்றினாலும் காப்பாற்றலாம். கூடவே கட்டியையும் காப்பாற்றிவிடலாம்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பிக்கு நாக்கில் புற்று. முப்பது வருஷம் வெற்றிலை, பாக்கு, புகையிலை. அறுவை சிகிச்சை முடிந்து, அதன்பிறகு 30 நாள் ரேடியேஷன் என்று முடிவாயிற்று. நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, அதுதான். ஆரம்பித்த முதல் வாரத்திலேயே வாய் உலர ஆரம்பித்துவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆப்பிளோடும் ஹார்லிக்ஸோடும் டப்பாக்களையும் கொண்டு வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மருமகன் விட்டமின் ஈ கொடுத்தான். பக்கத்து வீட்டு அம்மா கிரீன் டீ சாறு கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். யாரோ ஒருவர் குளூட்டாதயோன் கொடுத்தார். எல்லாம் பிரியத்தில் கொடுத்ததுதான்.

அவர் என்னிடம் கேட்டார்: "அத்தான், நீங்க சயின்ஸ் வாத்தியார். இதெல்லாம் சாப்பிடலாமா?"

"சாப்பிடுங்க, விட்டமின்தானே, என்ன செய்யப் போகுது" என்று சொன்னவன் நான். 12 நாள் சாப்பிட்டார். வாரம் ஒருமுறை மருத்துவர் பார்க்கும் நாளில் நான் கூடப் போயிருந்தபோது, பையில் இருந்த டப்பாவை அந்த டாக்டரம்மா பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "இதை இன்னைக்கே நிறுத்திடுங்க ஐயா. நாங்க உள்ளே எதை உண்டாக்கறதுக்காக இந்த மெஷினை ஓட்டறோமோ, அதை இது அணைக்கப் பார்க்கும்" என்றார். 35 வருஷம் வேதியியல் நடத்தியவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் எச்சில் ஏன் வற்றுகிறது என்று பார்ப்போம்.

நமக்கு மூன்று ஜோடி பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள். காதுக்கு முன்னால் இரண்டு, அவைதான் பரோடிட். தாடைக்கு அடியில் இரண்டு, நாக்குக்கு அடியில் இரண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றன. இருக்கும்வரை அதன் அருமை தெரியாது. அது போனால் இட்லிகூடத் தொண்டையில் இறங்காது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். ராத்திரி நாலு தடவை எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும். பல் சீக்கிரம் சொத்தையாகும். ருசி போய்விடும். பல பேருக்கு இது வருஷக்கணக்கில் தொடர்கிறது. இந்தக் கஷ்டம் பொய் என்றோ சின்னது என்றோ நான் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அந்தக் கஷ்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நாம் டப்பாவோடு போகிறோம்.

இந்தச் சுரப்பிகள் கதிர்வீச்சை முதல் வாரத்திலிருந்தே தாங்க முடியாதவை. வாய், தொண்டைக் கட்டிகளுக்குக் கொடுக்கும் கதிர் அளவு வழக்கமாக 60-லிருந்து 70 கிரே வரை. ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள், ஆறு ஏழு வாரம். கட்டிக்குப் பக்கத்திலேயே சுரப்பி இருப்பதால் அதுவும் சேர்ந்து அடிபடுகிறது.

இப்போது கரும்பலகைக்கு வாருங்கள். அந்தக் கதிர் கட்டியை எப்படிக் கொல்கிறது?

நம் செல்லில் பெரும்பகுதி தண்ணீர். எக்ஸ் கதிர் உள்ளே போகும்போது தண்ணீர் மூலக்கூற்றை உடைத்து, ஹைட்ராக்சில் என்ற வெறிகொண்ட ஒரு துகளை உண்டாக்குகிறது. ஃப்ரீ ராடிகல் என்று நீங்கள் விளம்பரத்தில் கேட்கிறீர்களே, அந்த வகையைச் சேர்ந்தது. அது பக்கத்தில் இருக்கும் டி.என்.ஏ. இழையைத் தாக்கி அறுக்கிறது. எக்ஸ் கதிரால் செல்லுக்கு உண்டாகும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியாகத்தான் நடக்கிறது. அதாவது, விளம்பரத்தில் வில்லனாகக் காட்டப்படும் அதே ஃப்ரீ ராடிகல்தான் இந்தச் சிகிச்சையில் மருந்து. அதை உண்டாக்கத்தான் அவ்வளவு பெரிய இயந்திரம், அவ்வளவு செலவு.

இன்னொரு விஷயம். டி.என்.ஏ.வில் விழுந்த அடி அந்தக் கணத்திலேயே நிரந்தரமாகிவிடுவதில்லை. அங்கே ஆக்ஸிஜன் இருந்தால் அது அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு சேதத்தை உறுதியாக்கிவிடும். குளூட்டாதயோன் மாதிரியான ஆன்ட்டிஆக்ஸிடன்ட் இருந்தால் அது ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து சேதத்தைச் சரிசெய்துவிடும். இரண்டுக்கும் போட்டி. ஆக்ஸிஜன் நன்றாகக் கிடைக்கும் செல், ஆக்ஸிஜன் இல்லாத செல்லைவிடக் கதிருக்கு இரண்டரை, மூன்று மடங்கு எளிதில் சாகிறது. இதைப் பற்றி 1953-லேயே முக்கியமான ஆய்வை வெளியிட்டவர் லூயிஸ் ஹெரால்டு கிரே என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. கதிர் அளவைக் 'கிரே' என்று சொல்வது அவர் பெயரால்தான்.

இப்போது சொல்லுங்கள். அழகு நிலையங்களில் நிறம் வெளுக்க ஊசியாகப் போடுகிறார்களே, அதே குளூட்டாதயோனைக் கரண்ட் வைக்கும் நாளில் ஒருவர் விழுங்கினால், அது யார் பக்கம் சேரும்? விழுங்கிய மாத்திரைக்கு "நீ சுரப்பிக்கு மட்டும் போ, கட்டிப் பக்கம் போகாதே" என்று யார் சொல்லி அனுப்புவது?

"இதெல்லாம் தியரி சார்" என்று சொல்வீர்கள். நியாயமான கேள்வி. தியரியை மட்டும் நம்பி மருத்துவம் செய்யக்கூடாது. மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1994-லிருந்து 2000 வரை, தலை, கழுத்துப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் இருந்த 540 பேரைச் சேர்த்தார்கள். ஒன்றாம், இரண்டாம் நிலை. குணமாக நல்ல வாய்ப்பு உள்ளவர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினம் 400 அலகு விட்டமின் ஈ, 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மறு பிரிவுக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. ரேடியேஷன் நாட்களிலும், முடிந்தபிறகு மூன்று வருஷமும் கொடுத்தார்கள்.

இடையில் ஒரு திருப்பம். புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்தால் நுரையீரல் புற்று குறையும் என்று நம்பி நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் அந்தச் சமயத்தில் வெளிவந்தன. பின்லாந்தில் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், 1994-ல் வந்த முடிவின்படி, நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த ஆய்வில் 28 சதவீதம் கூடியிருந்தது; அதைப் பாதியில் நிறுத்தினார்கள். கேரட்டின் நிறமிதான், "இயற்கை"தான். உடனே கியூபெக்கிலும் பீட்டா கரோட்டினை நிறுத்திவிட்டு, விட்டமின் ஈ-யை மட்டும் தொடர்ந்தார்கள். அதற்குள் 156 பேர் சேர்ந்திருந்தார்கள்.

2005-ல் முடிவு வந்தது. இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ரேடியேஷனின் கடுமையான உடனடிப் பக்கவிளைவுகள் நிஜமாகவே நன்றாகக் குறைந்திருந்தன. கேப்ஸ்யூல் விற்கும் தம்பி அனுப்பும் செய்தி இந்த இடத்தோடு நின்றுவிடும். அடுத்த வரியை யாரும் அனுப்புவதில்லை. அடுத்த வரி இது: மாத்திரை சாப்பிட்ட பிரிவில் கட்டி அதே இடத்தில் திரும்ப வருவது அதிகமாகத் தென்பட்டது. அந்த ஒரு எண்ணை மட்டும் தனியாக எடுத்தால் தற்செயல் என்று சொல்ல இடம் இருந்தது. ஆனால் 2006-ல் இறப்புக் கணக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கும் மேல் பின்தொடர்ந்து பார்த்ததில், மாத்திரை பிரிவில் இறப்பு அபாயம் வெற்று மாத்திரை பிரிவைவிட 38 சதவீதம் அதிகம். இது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிடக்கூடிய அளவு இல்லை.

2008-ல் அதே குழு இன்னும் ஆழமாகப் பார்த்தது. ரேடியேஷன் நடந்த நாட்களிலும் சிகரெட்டை விடாமல், மாத்திரையும் சாப்பிட்டவர்களிடம்தான் கேடு குவிந்திருந்தது. அவர்களுக்குக் கட்டி திரும்பி வரும் அபாயமும் இறப்பு அபாயமும் இரண்டு மடங்குக்கு மேல். அந்த நாட்களில் புகைக்காதவர்களிடம் அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. "அப்போ எங்க மாமா புகைக்கலையே, கொடுக்கலாமா" என்று கேட்காதீர்கள். நம் ஊர் நோயாளிகளில் எத்தனை பேர் வீட்டுக்குத் தெரியாமல் பின்கட்டில் பீடி பற்ற வைக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பிரிவில் கேடு தெரியவில்லை என்றால் மாத்திரை நல்லது என்று ஆகிவிடாது. லாபம் நிச்சயமில்லாத இடத்தில் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

என்னை எதிர்த்து வாதாட ஒருவர் எடுக்கக்கூடிய நல்ல ஆதாரத்தையும் நானே எடுத்து வைக்கிறேன். 2016-ல் தென்கொரிய மருத்துவர்கள், ரேடியேஷன் நாட்களில் விட்டமின் சி, ஈ சேர்ந்த மாத்திரை கொடுத்துப் பார்த்து, ஆறு மாதம் கழித்து வாய் உலர்வு குறைந்திருந்தது என்று எழுதினார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 45 பேர். ஒரு வகுப்பறை அளவு. வாய் உலர்கிறதா என்று 45 பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நூறு பேரில் கூடுதலாக ஐந்து பேருக்குக் கட்டி திரும்பி வருகிறதா என்பது 45 பேரில் கண்ணுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நூற்றுக்கணக்கான பேரும் பல வருஷமும் வேண்டும். கியூபெக்கில் அதைத்தான் செய்தார்கள்.

"கியூபெக்கில் மூன்று வருஷம் கொடுத்தார்கள், நாங்கள் ஆறு வாரம்தானே கொடுக்கிறோம்" என்று ஒரு வாதமும் வரும். அந்த ஆறு வாரம்தானே கட்டியைக் கொல்லும் ஆறு வாரம்? பரீட்சை எழுதும் மூன்று மணி நேரம் மட்டும் பையனைத் தூங்க விடுகிறேன், மற்ற நாளெல்லாம் படிக்கட்டும் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் 2021-ல், அமெரிக்காவின் கிளினிக்கல் ஆன்காலஜி சங்கமும், புற்றுநோயாளிகளின் பராமரிப்புக்கான பன்னாட்டு அமைப்புகளும் சேர்ந்து வாய் உலர்வைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், ரேடியேஷனால் வரும் உமிழ்நீர்க் குறைவைத் தடுக்க விட்டமின் ஈ-யையோ மற்ற ஆன்ட்டிஆக்ஸிடன்ட்டுகளையோ பயன்படுத்தக்கூடாது என்று சொன்னார்கள். பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, புற்றுநோய்ச் சிகிச்சையின் பலனைக் கெடுக்கக்கூடும் என்று காரணமும் கொடுத்திருக்கிறார்கள்.

"அலோபதிக்காரர்கள் மாத்திரை கம்பெனிக்கு எதிரி, இயற்கைக்கு எதிரி" என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆன்ட்டிஆக்ஸிடன்ட் வேலையைச் செய்யும் ஒரு மருந்தை அவர்களே பயன்படுத்தியிருக்கிறார்கள். அமிஃபோஸ்டின் என்று பெயர். அமெரிக்க ராணுவம் அணுகுண்டுக் கதிரிலிருந்து சிப்பாய்களைக் காக்க நடத்திய ஆராய்ச்சியில் பிறந்தது. சாதாரணத் திசுவில் அதிகமாகவும் கட்டியில் குறைவாகவும் வேலை செய்யும்படி அமைந்த மருந்து அது. 300 பேருக்கு மேல் வைத்துச் சோதித்ததில், சிகிச்சைக் காலத்தில் மிதமான, கடுமையான வாய் உலர்வு 78 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் குறைந்தது. கட்டிக்குச் சாதகமாகப் போகிறதா என்பதையும் அந்த ஆய்வில் சேர்த்தே பார்த்தார்கள். அதன்பிறகுதான், 1999-ல், அதுவும் குறிப்பிட்ட வகை நோயாளிகளுக்கு மட்டும், அனுமதி. தினமும் ரேடியேஷனுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்னால் நரம்பில் ஏற்ற வேண்டும். வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற தொல்லைகளால் அதையே இன்று பரவலாகப் பயன்படுத்துவதில்லை. இத்தனை சோதனை தாண்டி வந்த மருந்துக்கே இவ்வளவு தயக்கம். ஒரு சோதனையும் தாண்டாத டப்பாவை நாம் "பக்கவிளைவே இல்லை" என்று ஃபார்வர்டு செய்கிறோம்.

"இயற்கை" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லிக்காய், கொய்யா, கீரை, ரசத்தில் போடும் மஞ்சள் இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. நோயாளிக்கு இறங்கும் அளவில் வீட்டுச் சாப்பாடு நன்றாகக் கொடுங்கள். ஆனால் ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான விட்டமின் ஈ ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான். கியூபெக்கில் கொடுத்த 400 அலகு அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். உப்பும் இயற்கைதான். சாம்பாரில் பத்து மடங்கு உப்பைப் போட்டுவிட்டு இயற்கை என்று சொன்னால் சாப்பிடுவீர்களா? அளவு மாறினால் பொருளே மாறிவிடுகிறது. சத்துக்குறைவு இருக்கிறது என்று மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுக்கும் மாத்திரை வேறு, அதை நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர்கள் பக்கமும் குறை உண்டு. சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கூட்டம் வழியும் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது. "வேற ஏதாவது சாப்பிடறீங்களா" என்று எல்லோரும் கேட்பதில்லை. கேட்டாலும், திட்டுவார்களோ என்று நம்மவர்கள் "ஒண்ணும் இல்லீங்க" என்கிறார்கள். அந்த மௌனத்துக்குள்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. டாக்டர்களாகவும் நர்ஸ்களாகவும் இருக்கும் என் மாணவர்களே, முதல் நாளே கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். எங்கள் டாக்டரம்மா கேட்ட மாதிரி கேளுங்கள்.

சரி, டப்பா வேண்டாம் என்றால் எச்சிலுக்கு என்ன வழி? வெறுங்கையோடு உங்களை அனுப்பமாட்டேன்.

ஒன்று. சிகிச்சை தொடங்கும் முன்பே, "சுரப்பியைத் தவிர்த்துக் கதிர் வைக்க முடியுமா" என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐ.எம்.ஆர்.டி. என்ற முறையில் கதிரை வளைத்து, பரோடிட் சுரப்பிக்குப் போகும் அளவைக் குறைக்க முடியும். 2011-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், பழைய முறையில் ஒரு வருஷம் கழித்து 74 சதவீதம் பேருக்கு வாய் உலர்வுத் தொல்லை இருந்தது. ஐ.எம்.ஆர்.டி. முறையில் 38 சதவீதம். எச்சிலைக் காப்பாற்றுவதில் இதற்கு இணையாக எந்த டப்பாவும் இல்லை. கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து எல்லோருக்கும் முடியாமல் போகலாம். ஆனால் கேட்பது நம் உரிமை.

இரண்டு. ரேடியேஷனுக்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிடுங்க வேண்டிய பல்லை முன்னாடியே பிடுங்கி ஆறவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப் போகக்கூடும். பிறகும் ஃப்ளூரைடு பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மூன்று. வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட், மது எல்லாம் அன்றோடு சரி. நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயே வாய்ப் புற்றுதான். எதனால் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்கு. கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். மடக்கு மடக்காக. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு அடிக்கடி கொப்பளிக்கலாம். காரமும் புளிப்பும் குறைத்து, குழைந்த சாதம், கஞ்சி, மோர், பருப்புத் தண்ணீர், வேகவைத்த முட்டையை மசித்து, இட்லியைப் பாலிலோ காரமில்லாத சாம்பாரிலோ ஊறவைத்துக் கொடுங்கள். எடை குறையாமல் பார்த்துக்கொள்வது பாதிச் சிகிச்சை.

ஐந்து. செயற்கை உமிழ்நீர் ஸ்ப்ரே, சர்க்கரை இல்லாத சூயிங்கம், சிகிச்சை முடிந்தபிறகு சுரப்பியைத் தூண்டும் பைலோகார்ப்பின் மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார். சுரப்பிக்குப் போன கதிர் குறைவாக இருந்தால், ஒன்றிரண்டு வருஷத்தில் எச்சில் ஓரளவு திரும்பவும் ஊறும்.

ஆறு. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும், லேகியம் சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒளிக்காதீர்கள்.

இனி அந்தத் தம்பிக்கு. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ கெட்டவன் இல்லை. வேலை போன பிறகு இந்தச் சங்கிலி வியாபாரத்தில் சேர்ந்தாய், உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதுவும் தெரியும். சோப்பு விற்றுக்கொள், டீத்தூள் விற்றுக்கொள், நானே வாங்குகிறேன். ஆனால் கரண்ட் வைத்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருவரின் வீட்டுக் கதவை இந்த டப்பாவோடு தட்டாதே. "சார் சொல்லிக் கொடுத்தார்" என்று இனி சொன்னால், முழுசாகச் சொல். சார் இதையும் சொல்லிக் கொடுத்தார் என்று சொல்.

என் மைத்துனருக்கு 30 நாளும் முடிந்துவிட்டது. வாய் இன்னும் உலர்ந்துதான் இருக்கிறது. சட்டைப் பையில் சின்னத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வருகிறார். அடுத்த ஸ்கேன் இன்னும் வரவில்லை. அந்த 12 நாள் மாத்திரை ஏதாவது செய்திருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாது ஐயா. நிறுத்திட்டீங்க இல்ல, விடுங்க" என்றார். அவர் விடச் சொன்னார். என்னால் விட முடியவில்லை. அவர் என்னிடம் கேட்டார், நான் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன். மைத்துனரிடம் இதை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டேன். "விடுங்க அத்தான், நீங்க வேணும்னா சொன்னீங்க" என்றார்.

உங்களில் யாராவது இதே மாதிரி ஒரு வீட்டுக்கு நாளைக்குப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், டப்பா வாங்கப் போகும் பணத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோ செலவுக்குக் கொடுங்கள். ஒரு நாள் கூடப் போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். அந்த மாஸ்க்கை மாட்டிப் படுத்துவிட்டு எழுந்து வரும்போது, கையில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுங்கள்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்கிறேன். இந்தத் தடவை நிச்சயமாகச் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்